இறக்கத்துக்கு முன்னால் ஒரு நிறுத்தம்

1

போன மாதம் ஒரு சனிக்கிழமை, இன்னும் விடியாத நேரம். கால்கரியில் எங்கள் வீட்டு அடுப்படியில் காபி கலந்துகொண்டிருந்தேன். கைபேசிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. என் மகள் கயல்விழி ஓட்டும் லாரியின் எண், அதற்குக் கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி: சரிபார்க்கும் வரை இந்த வாகனத்தை ஓட்ட வேண்டாம்.

கயல் அப்போது அந்த வண்டியில்தான் இருந்தாள். கிளம்பி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. வண்டிக்குப் பின்னால் பெட்டி நிறைய மசூர்ப் பருப்பு, கப்பலுக்குப் போவது. வண்டிக்கு முன்னால் மலை.

வண்டிக் கடனில் நானும் கையெழுத்துப் போட்டிருந்ததால் எனக்கும் அந்தக் கடிதம் வந்தது. அவளுக்கும் போயிருக்கும். ஆனால் ஓட்டும்போது கைபேசியைப் பார்க்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. யாராவது அழைத்தால் காதில் மாட்டிய கருவியில் பேசுவாள், அவ்வளவுதான்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு இது என்னவென்று சொல்லிவிடுகிறேன். விற்ற வண்டியில் ஆபத்தான குறை இருப்பதாகத் தெரிந்தால், அதைச் செய்த நிறுவனமே உரிமையாளர்கள் எல்லோருக்கும் சொல்லி, வண்டிகளை வரவழைத்து, காசு வாங்காமல் சரிசெய்து கொடுக்க வேண்டும். ரீகால் என்பார்கள். நம் நாட்டிலும் இப்போது கார்களுக்கு இப்படி வருகிறது. இந்த முறை குறை லாரியின் ஏர் பிரேக்கில். பிரேக் மிதிக்குக் கீழே காற்றைத் திறந்துவிடும் வால்வு ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒரு சிறு பாகம் சில வண்டிகளில் சிக்கிக்கொள்கிறதாம். சிக்கினால், எவ்வளவு மிதித்தாலும் பின்சக்கரங்களுக்குப் போதிய காற்று போகாது. வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. எல்லா வண்டியிலும் இது நடப்பதில்லை. எதில் நடக்கும் என்று சொல்லவும் முடியாது. அதனால் அந்த வகை வண்டிகள் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

இதையெல்லாம் நான் அப்புறம்தான் முழுதாகப் படித்தேன். அந்த நேரத்தில் பிரேக் என்ற சொல்லும் ஓட்ட வேண்டாம் என்ற வரியும் மட்டுமே கண்ணில் பட்டன.

2

கைபேசியில் கயலின் பெயரைத் தேடும்போதே என் மனைவி சாந்தி வந்துவிட்டாள்.

"இந்நேரத்துல யாருக்குப் போடுறீங்க?"

சொன்னேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இருங்க, இருங்க. சொந்த வண்டியில மொத லோடு எடுத்துக்கிட்டு இப்பதான் கிளம்பிருக்கா. பின்னாலேருந்து கூப்பிட்டு, வண்டி சரியில்ல திரும்பி வான்னா சொல்வீங்க?"

"பிரேக்கு சாந்தி."

"தெரியுதுங்க. ஒரு நிமிஷம் யோசிச்சுச் சொல்லுங்கங்கிறேன்."

எங்கள் பக்கத்தில் புறப்பட்டுப் போகிறவரை யாரும் பின்னாலிருந்து கூப்பிட மாட்டார்கள். எங்கே போகிறாய் என்றும் கேட்க மாட்டார்கள். டெல்டாப் பக்கத்துப் பாபநாசத்துக்கு அருகில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. நடவு தொடங்கும் நாளில் வயலுக்குக் கிளம்பும் அப்பா மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் போவார். அம்மா கூப்பிட மாட்டார். அடுத்த சந்து வழியாக ஓடி, வாய்க்கால் மதகருகே அவருக்கு எதிரே வருவதுபோல் வந்து கண்ணாடியைக் கொடுப்பார். அப்பாவும் வியப்பே இல்லாமல் வாங்கி மாட்டிக்கொண்டு நடப்பார். அதில் வேடிக்கை ஏதும் இருப்பதாக எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

நான் வேளாண்மை படித்தவன். இங்கே தானியப் பரிசோதனைக் கூடத்தில் கோதுமையின் ஈரப்பதம் பார்க்கிற வேலை. கருவி காட்டுவதை மட்டும் நம்ப வேண்டும் என்று புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன். அப்படிப்பட்ட நான் கைபேசியைக் கீழே வைத்தேன். எப்படிச் சொன்னால் அவள் பயப்படாமல் இருப்பாள், எந்த ஊர் தாண்டிய பிறகு சொல்லலாம் என்று இருவரும் பேசினோம். காபி ஆறிப்போகும் அளவுக்குப் பேசினோம். பிறகு அழைத்தேன். அவர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பதிவுக் குரல் சொன்னது.

மலைக்குள் நுழைந்துவிட்டால் அந்தப் பாதையில் நெடுந்தூரத்துக்குச் சிக்னல் கிடையாது. கயல் பலமுறை சொல்லியிருக்கிறாள். மறுபடி அழைத்தேன். அதே குரல்.

சாந்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவளைப் பார்க்கவில்லை. அவளும் என்னைப் பார்க்கவில்லை.

3

மின்னஞ்சலில் ஓர் உதவி எண் இருந்தது. ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று பதிவுக் குரல் நம்மை அலைய வைக்கும் என்று நினைத்தேன். உடனே ஒரு பெண் எடுத்தார். வண்டி எண்ணைக் கேட்டுச் சரிபார்த்துவிட்டு, "வண்டி இப்போது ஓட்டத்தில் இருக்கிறதா?" என்றார்.

"என் மகள்" என்றேன்.

கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமில்லை. அவர் திருத்தவில்லை. "சரி, உங்கள் மகள் எந்த நிறுவனத்துக்கு ஓட்டுகிறார்? அவர்களிடம் வண்டி இருக்கும் இடம் தெரியும். நான் இணைப்பில் இருக்கிறேன், நீங்கள் எண்ணைத் தேடுங்கள்" என்றார். சாந்தி எழுந்து வந்து எண்ணைத் தேடித் தந்தாள். அது கிடைக்கும்வரை அந்தப் பெண் காத்திருந்தார்.

லோடு தரும் நிறுவனத்தில் லாரிகளை அனுப்புவதும் கண்காணிப்பதும் ஹர்ப்ரீத் என்ற பஞ்சாபிப் பெண். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"அங்கிள், முதலில் உட்காருங்கள். எனக்கும் காலையில்தான் தகவல் வந்தது. எங்களிடம் ஓடுகிற வண்டிகளில் எவையெல்லாம் அந்த வகை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கயலுடையது அதில் இருக்கிறது. அவள் சிக்னல் இல்லாத இடத்துக்குள் போய்விட்டாள். ஆனால் கடைசியாகத் தெரிந்த இடத்தை வைத்துப் பார்த்தால் இன்னும் ஏற்றத்தில்தான் இருக்கிறாள். இறக்கம் தொடங்கவில்லை."

"இறக்கம் தொடங்கினால்?"

"அதற்கு முன்னால் நிறுத்தி வைக்க ஆள் அனுப்பிவிட்டேன்."

இந்த மலைச் சாலைகளில் செங்குத்தான இறக்கம் தொடங்கும் முன் சாலையோரம் அகலமாக ஓர் இடம் விட்டிருப்பார்கள். பார வண்டிகள் எல்லாம் அங்கே கட்டாயம் ஒதுங்க வேண்டும். ஓட்டுநர் இறங்கிப் பிரேக்கைச் சோதித்த பிறகே கீழே போக வேண்டும். மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் மிஹைலோ என்ற உக்ரைன்காரர், அதே நிறுவனத்தின் ஓட்டுநர், காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவர் கால்கரி நோக்கி வர வேண்டியவர். ஹர்ப்ரீத் அவரை அழைத்து, சாப்பாட்டை விட்டுவிட்டு உடனே மேலே ஏறி அந்த இடத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறார்.

சாந்தியிடம் சொன்னேன். "எதிர்ல போயி நிக்கிறாரா?" என்றாள். ஆமாம் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து அரிசி களைய ஆரம்பித்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அவர் மேலே வந்து சேருவதற்குள் கயல் அந்த இடத்தைத் தாண்டிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் ஹர்ப்ரீத்திடம் கேட்கவில்லை.

4

காத்திருந்த நேரத்தில்தான் செந்திலை அழைத்தேன். சாந்தியின் தம்பி. பாபநாசத்தில் லாரி வைத்திருக்கிறான், நெல் மூட்டை ஏற்றுகிறான். அங்கே அப்போது சாயங்காலம். கொள்முதல் நிலையத்தின் வாசலில் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். தார்ப்பாய் மேல் மழை விழும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்கத்தான். என்ன இந்நேரத்துல?"

"மாப்ள, ஏர் பிரேக்குல வால்வு சிக்கினா வண்டி என்ன ஆவும்?"

"யாரு வண்டி?"

"ஒரு வண்டின்னு வச்சுக்கயேன்."

"ஒரு வண்டிக்கு நீங்க ஏன் இப்படி மூச்சு வாங்குறீங்க? யாரு வண்டித்தான்?"

சொல்ல வேண்டியதாயிற்று. கயல் வணிகவியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு லாரி ஓட்டப் போனது ஊரில் யாருக்கும் தெரியாது. லாஜிஸ்டிக்ஸ் துறையில் இருக்கிறாள் என்று சாந்தி சொல்லி வைத்திருந்தாள். எல்லோரும் அது கண்ணாடிக் கட்டடத்தில் கணினி முன்னால் உட்காரும் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் நினைக்க விட்டுவிட்டோம்.

"நம்ம கயலா? லாரியா? எத்தன சக்கரம்?"

"பதினெட்டு."

"அடி ஆத்தி!" என்றவன், பக்கத்தில் யாரிடமோ, "டேய், எங்கக்கா மவ பதினெட்டுச் சக்கர வண்டி ஓட்டுறாடா!" என்று கத்தினான். பிறகு என்னிடம், "ஏத்தான், இத்தன வருஷமா அக்கா லாஜிஸ்டிக்ஸ் லாஜிஸ்டிக்ஸ்னுச்சே, இதத்தான் சொல்லிச்சா? நானும் லாஜிஸ்டிக்ஸ்தான்னு போர்டு வச்சுக்கிறேன்."

"மாப்ள, பிரேக்கு."

அவன் குரல் இறங்கியது. "அத்தான், எனக்கு மலை தெரியாது. நம்ம ஊர்ல எங்க இறக்கம்? குடமுருட்டிப் பாலம் ஏறி எறங்குறதுதான். அது பிரேக்கு போனாலும் கெடை மாட்டுல முட்டி நின்னுடும். அவ ஓட்டுறது வேற. நீங்க போன் போட்டுக்கிட்டே இருங்க. நா வைக்கிறேன், லைனு பிஸியா இருக்கக் கூடாது."

அவன் சொன்னது உண்மைதான். எங்கள் நிலம் உள்ளங்கை போலத் தட்டையானது. தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மடை திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஊரில் பார லாரி நின்று நான் பயந்து பார்த்தது பாலத்து ஏற்றத்தில் மட்டும். அப்போதெல்லாம் கிளீனர் ஒரு மரக்கட்டையோடு ஓடும் வண்டியிலிருந்து குதித்துச் சக்கரத்துக்கு அடியில் வைப்பார். வைத்துவிட்டுக் கட்டையின் மேல் ஒரு காலையும் ஊன்றிக்கொள்வார், ஏதோ தன் காலால்தான் வண்டி நிற்கிறது என்பது போல. அந்தக் கிளீனரின் காலை நினைத்துக்கொண்டேதான் அன்று நான் ஜன்னலருகே நின்றிருந்தேன்.

சாதம் வெந்து, ஆறி, சாந்தி அதில் தயிர் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தபோது ஹர்ப்ரீத் அழைத்தார். "மிஹைலோ சிக்னல் இருக்கிற இடத்துக்கு வந்துவிட்டார், அங்கிள். கயல் மேலே நிற்கிறாள். அவள் இன்ஜினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்த பிறகுதான் அவர் கிளம்பினாராம்."

நான் சாந்தியிடம் சொல்ல வாயெடுத்தேன். கையை மட்டும் ஆட்டினேன். அவள் புரிந்துகொண்டு, பாத்திரத்தை மூடி, "காரை எடுங்க" என்றாள்.

5

நாங்கள் போய்ச் சேரும்போது நல்ல வெயில். சாலையோரத்தில் வரிசையாக லாரிகள். எங்களுடையதைப் போலவே செய்தி கேட்டு நின்றவை இன்னும் இரண்டு. கயல் தன் வண்டியின் படியில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் காரைப் பார்த்ததும் தலையில் கை வைத்தாள்.

"ஐயோ அப்பா! எதுக்கு வந்தீங்க? அம்மா... சோறு கட்டிட்டு வந்துருக்கியா?"

"பின்ன, பட்டினியாவா நிப்பே?"

தயிர் சாதம், உருளைக்கிழங்குப் பொரியல், எலுமிச்சை ஊறுகாய். அவள் கையுறையைக் கழற்றிவிட்டுச் சாப்பிட்டபடியே சொன்னாள்.

"மேல வர்றேன், ஒரு ஆளு ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நிக்கிறார். ஏதோ ஹெல்ப் கேக்குறார்னு நெனச்சேன். கண்ணாடிய இறக்குனா, மொதல்ல ரீகால்னு சொல்லலப்பா. 'உன் அப்பா ரொம்பக் கவலையா இருக்காராம்'னு சொல்றார். எனக்கு அப்படியே திக்குன்னு ஆயிடுச்சு, உங்களுக்குத்தான் ஏதோன்னு."

"அப்புறம்?"

"அப்புறம் சொன்னார். நான் செக் பண்ணேன். மிதிச்சுப் பிடிச்சுக்கிட்டு காத்து மீட்டர் முள்ளப் பாத்தேன். கீழ இறங்கி ஒவ்வொரு சக்கரமா பாத்தேன். எல்லாம் கரெக்டா இருந்துச்சுப்பா. தோ, அந்த நீலத் தொப்பி இருக்காரே, அவரு வண்டியும் இதே ரகம்தான், கம்பெனி போகக் கூடாதுன்னதால நிக்கிறார். 'நான் இத்தன நாள் ஓட்டுறேன், ஒண்ணும் ஆகல. சின்ன கியர்ல மெதுவா இறங்கிடு, கப்பல விட்டுடாதே'ன்னார்."

சாந்தி நீலத் தொப்பிக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். "அந்த ஆளுக்கும் ஒரு தட்டு வைக்கலாம்னு இருந்தேன். ஊறுகா கெடையாது அவருக்கு."

"ஏம்மா, நீ ஏன் போகல?" என்று கேட்டேன். கேட்ட பிறகு, போயிருக்க வேண்டும் என்று சொல்வதாக அவள் நினைத்துவிடுவாளோ என்று பதறினேன்.

அவள் சோற்றைப் பிசைந்தபடி கீழே மலைச்சரிவைப் பார்த்தாள். "நான் மட்டும்னா போயிருப்பேனோ என்னவோப்பா. இறக்கம் முடியிற எடத்துல ஊர் இருக்கு. பெட்ரோல் பங்க், ஸ்கூல், ரோட்டக் கடக்குற பசங்க. அவங்ககிட்ட யாரும் வந்து ஓட்ட வேண்டாம்னு சொல்லலையே. என்கிட்டதான சொல்லியிருக்காங்க."

இந்தப் பெண் எங்கள் கையை விட்டுப் போய்விட்டாள் என்று பல வருடங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். தமிழில் எழுதத் தெரியாது. கோயிலுக்கு வர மாட்டாள். ஊருக்குக் கூப்பிட்டால் அடுத்த வருடம் என்பாள். அவள் எங்கே போயிருந்தாள் என்பது அன்றுதான் தெரிந்தது.

மத்தியானத்துக்குமேல் ஹர்ப்ரீத் அனுப்பிய வேறொரு வண்டி வந்தது. பருப்புப் பெட்டியை அதில் மாட்டிவிட வேண்டும். கயல் கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கினாள். பெட்டியின் கால்களை இறக்க இரும்புக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றினாள். காற்றுக் குழாய்களைக் கழற்றினாள். அவற்றிலிருந்து புஸ்ஸென்று காற்று பிரிந்தது. கொக்கியை விடுவித்து, வண்டியை முன்னே எடுத்து, இறங்கி வந்து மீண்டும் குனிந்து பார்த்தாள். அவள் வேலை செய்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை. சாந்தி என் பக்கத்தில் நின்று, "முட்டியில அடிபட்டுடப் போவுது" என்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். திருவிழாவில் மகள் மேடையேறினால் ஒரு தாய் அப்படித்தான் பார்ப்பாள்.

6

கயலின் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு கால்கரிக்கு வந்தார்கள். வால்வை மாற்றிய பிறகு, கழற்றியதைப் பார்க்கலாமா என்று கேட்டேன். பட்டறைக்காரர் தயங்காமல் கொண்டுவந்து காட்டினார். உள்ளங்கைக்குள் அடங்குகிற உருளை, அதற்குள் இன்னும் சிறிய ஒன்று.

"இது சிக்கியிருக்குமா?"

"தெரியாது. எங்களுக்கு நன்றாகத்தான் தெரிகிறது. இதைத் தயாரித்தவர்களுக்குத் திருப்பி அனுப்புவோம். அவர்கள் பார்ப்பார்கள்."

சிக்கியிருக்கும், நீங்கள் தப்பித்தீர்கள் என்று அவர் சொல்ல வேண்டும் என்று என் மனம் ஆசைப்பட்டது. அப்படிச் சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. எதிலிருந்து தப்பினோம், தப்பத்தான் செய்தோமா என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

யோசிக்க யோசிக்க அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. யாருமே தெரிந்துகொள்ளும்வரை காத்திருக்கவில்லை. இணைப்பைத் துண்டிக்காத அந்தப் பெண், சாப்பாட்டை விட்டு எழுந்து மலையேறிய மிஹைலோ, விடியும் முன்பே வண்டி எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்த ஹர்ப்ரீத், முள் சரியாக இருந்தும் சாவியைக் கழற்றிய கயல். எவருக்கும் உறுதியான ஆபத்து எதையும் யாரும் காட்டவில்லை. இருக்கலாம் என்ற ஒரு சொல்லுக்காக இத்தனை பேர் ஒரு காலைப் பொழுதைக் கொடுத்தார்கள். இந்த நாட்டில் எனக்குப் பிடிக்காதவை நிறைய உண்டு, அவற்றை முன்பு எழுதியும் இருக்கிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் இல்லை.

அன்றிலிருந்து செந்தில் தினமும் அழைக்கிறான். எங்களை அல்ல, கயலை. இருவரும் டயர் பற்றியும் டீசல் பற்றியும் பேசுகிறார்கள். "மாமாவுக்கு என் வண்டிப் படம் அனுப்பினேன், கொள்முதல் நிலையம் முழுக்கக் காட்டிட்டாராம்" என்று கயல் சிரித்தாள். சாந்திக்கு முதலில் கோபம். பிறகு ஒருநாள் அவள் தொலைபேசியில் யாரிடமோ, "லாரிதான், பெரிய லாரி" என்று சொல்வது கேட்டது.

7

சரிசெய்த வண்டியில் கயல் மறுபடி மலைக்குப் போகும்போது நானும் வருகிறேன் என்றேன். அவள் மறுக்கவில்லை. ஹர்ப்ரீத்திடம் அனுமதிக் கடிதம் கேட்டு, காப்பீட்டுக்காரர்களிடம் கேட்டு, ஒரு வாரம் அலைந்து எனக்கான பயணி அனுமதியை வாங்கினாள். பரிசோதனைக் கூடத்தில் விடுப்புச் சொன்னேன். காரணம் கேட்டார்கள். மகளோடு வேலைக்குப் போகிறேன் என்றேன்.

மேலே அந்த இடத்தில் ஒதுங்கினாள். இறங்கினாள். சக்கரம் சக்கரமாகப் பார்த்தாள். ஏறி உட்கார்ந்து மிதியை அழுத்திப் பிடித்து முள்ளைப் பார்த்தாள். எந்த அவசரமும் இல்லை. பின்னால் வந்த ஒரு வண்டி சோதிக்காமலே எங்களைத் தாண்டிக் கீழே போனது. அவள் அது மறையும்வரை பார்த்துவிட்டுக் கியரைப் போட்டாள்.

பிறகு இறங்கினோம்.

இறக்கம் என்றால் இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சாலை கண்ணுக்கு முன்னாலேயே மறைந்து மறைந்து கீழே போய்க்கொண்டிருந்தது. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் எதுவும் இல்லை. இன்ஜின் முனகியபடி வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது. கயல் அவ்வப்போது மட்டும் மிதித்தாள், விட்டாள். நான் இருக்கையைப் பிடித்துக்கொண்டு தரையை ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தேன். எப்போது ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

"அப்பா, அந்தப் பக்கம் பிரேக் கெடையாது."

"தெரியும்மா."

"கால எடுங்க, வலிக்கும்."

எடுக்கவில்லை.

கீழே ஊர் வந்தது. பெட்ரோல் பங்க், பள்ளிக்கூடம், சாலையைக் கடக்கக் காத்திருந்த இரண்டு பிள்ளைகளோடு ஒரு தாய். கயல் வெகு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து நின்றாள். அவர்கள் கடந்தார்கள். பிள்ளைகளில் ஒன்று எங்களைப் பார்த்துக் கையசைத்தது. கயல் ஹாரனை லேசாக ஒரு தட்டுத் தட்டினாள்.

வண்டியை ஓரமாக நிறுத்திக் கைப்பிரேக்கின் குமிழை இழுத்தாள். காற்று வெளியேறியது.

"பயமா இருந்துச்சாப்பா?"

"இருந்துச்சு."

"எனக்கும்தாம்ப்பா. ஒவ்வொரு தடவையும்."

சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டு, சக்கரங்களின் சூட்டைப் பார்க்க இறங்கினாள். நானும் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கி, வண்டியைச் சுற்றி அவள் பின்னால் நடந்தேன். அவள் குனிந்த இடத்திலெல்லாம் நானும் குனிந்து பார்த்தேன்.